டீச்சரின் வீட்டுக்காரர்

போன் அவளுக்குத்தான் வந்தது. எனக்கு வரவில்லை. இதைச் சொல்லி முடித்துவிட்டால் மீதியைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

வகுப்பறை ஆசிரியர்கள் கல்விக் கொள்கை பற்றி அரசிடம் நேரடியாகப் பேசுவதற்குப் பயிற்சி கொடுக்கப் போவதாக ஓர் அறக்கட்டளை அறிவித்திருந்தது. சனிக்கிழமைதோறும் குற்றாலத்தில் வகுப்பு. நானும் என் மனைவியும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அவள் தென்காசியில் ஒரு நடுநிலைப் பள்ளியில், நான் வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில். இருவரும் விண்ணப்பித்தோம். அவளை விண்ணப்பிக்கச் சொன்னதே நான்தான், துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டுமே என்று. ஆசிரியர் சங்கத்தில் வட்டாரச் செயலாளராக இருந்தவன் நான். மைக்கைப் பிடித்தால் கூட்டம் கலையாது. அவளோ கேஸ் சிலிண்டர் வரவில்லை என்றால்கூட ஏஜென்சிக்கு என்னைத்தான் பேசச் சொல்வாள். அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நானே போன் போட்டுக் கேட்டேன். "நீங்க ஏற்கெனவே நல்லாப் பேசுறவங்க சார், உங்களுக்குப் பயிற்சி எதுக்கு?" என்றார் பயிற்சியாளர். சென்னைக்காரர். வேண்டாம் என்பதை இவ்வளவு இனிப்பாகச் சொல்ல அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்களோ தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வேணா வரலைன்னு சொல்லிருதேன், நீங்க போங்க" என்றாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் கொஞ்சம் அலட்டியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

சனிக்கிழமைகளில் பைக்கில் கொண்டு விடும் வேலை எனக்கு. சீசன் நேரம். சாரல் மூஞ்சியில் அடிக்கும். ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் வகுப்பு நடக்கும். அவளை இறக்கிவிட்டு ஐந்தருவிக்குப் போய் வரிசையில் நின்று குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மாடி வராந்தாவில் அந்த ஹாலின் ஜன்னலோரம் நின்றுகொள்வேன். கீழே டீக்கடைக்காரர் ஒரு நாள் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, வாரா வாரம் டீச்சரைக் கொண்டு விட வருதியளோ?"

"சும்மா குளிக்க வந்தேன்" என்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், பயிற்சியாளர் அதிகாரி போல நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து பேச வேண்டும். முதலில் எல்லாரும் சங்கத்து மனு மாதிரியேதான் பேசினார்கள். கழிப்பறையில் தொடங்கி, ஆன்லைன் பதிவுக்கு வந்து, சம்பள முரண்பாட்டில் முடித்தார்கள். அவர் கையமர்த்தினார். அதிகாரி ஒரு டீ குடிக்கிற நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும், ஒரே ஒரு விஷயம் பேசுங்கள், எந்த விதியை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரே கோரிக்கையோடு நான் ஒரு நாளும் எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை.

பிறகு என் மனைவி எழுந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்குப் பாதிதான் கேட்டது. அவள் முடித்ததும் அந்தச் சென்னைக்காரர், "இதைத்தான் சொல்றேன், எல்லாரும் மேடத்தைக் கவனிங்க" என்று கை தட்டினார். ஹாலே தட்டியது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வகுப்புகள் முடிகிற சமயத்தில், தென்காசிக்கு வரும் ஓர் உயர் அதிகாரியின் முன்னால் ஆளுக்கு ஒரு விஷயம் பேச வேண்டும் என்று ஏற்பாடானது. அவள் என் பள்ளியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். என் பள்ளி ஈராசிரியர் பள்ளி. காகிதத்தில் இருவர். அந்த இரண்டாவது ஆசிரியரை, நான் முகம் பார்க்கும் முன்பே, மாற்றுப் பணி என்று வேறொரு பெரிய பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளக் கணக்கு எங்கள் பள்ளியில், ஆள் அங்கே. ஐந்து வகுப்பையும் நான் ஒருவனே பார்த்தேன். இதற்காக நான் எழுதாத மனு இல்லை. இப்போதாவது என் அருமை தெரிந்ததே என்று பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஃபைலு இருக்கட்டும். காலைல பத்து மணிக்கு உங்க கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

"பாடம்தான் நடக்கும். வேற என்ன நடக்கும்?"

"அஞ்சாப்புக்கு நடத்தும்போது ஒண்ணாப்பு என்ன செய்யுது?"

"எழுதுது."

"எழுதி முடிச்சா?"

"திரும்ப எழுதுது. ஏட்டி, என்னையே இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுதியோ?" என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் முறை வந்தது. "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுதினதையே திரும்ப எழுதுது சார். ஏன்னா அதோட சார் அஞ்சாம் வகுப்புக்கு நடத்திட்டு இருக்காரு" என்றாள். ஈராசிரியர் பள்ளியிலிருந்து யாரையும் மாற்றுப் பணிக்கு எடுக்கக் கூடாது என்று விதி வேண்டும், அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி டீயைக் கீழே வைத்தார். அந்த வார்த்தை என்னுடையது. என் வாயில் இருந்தவரை அது வெறும் புலம்பலாக இருந்தது, அவள் சொன்னதும் கொள்கையாகிவிட்டது. பக்கத்திலிருந்தவர் என் தொடையைத் தட்டி, "யாரு சார் இந்த டீச்சர், அருமையாப் பேசுதாவ" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பள்ளியை நேரில் பார்க்கிறேன் என்றார் அதிகாரி. அவளையும் வரச் சொன்னார்.

அதிகாரி வருகிறார் என்று தெரிந்துவிட்டால் ஆசிரியனின் கையும் காலும் தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடும். சுவருக்கு வெள்ளையடித்தேன். புது சார்ட் ஒட்டினேன். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தேன். பக்கத்துத் தெருவில் பி.எட். முடித்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு பெண்ணை அழைத்து வந்து ஒன்று, இரண்டாம் வகுப்புகளோடு உட்கார்த்தினேன். என் பள்ளியை ஊரே பரிதாபமாகப் பார்க்கும்படி என் மனைவி பேசிவிட்டாள், அப்படியில்லை என்று காட்ட வேண்டாமா?

அதிகாரி சுற்றிப் பார்த்தார். ஒரு பிள்ளையை வாசிக்கச் சொன்னார், அது மணிமணியாக வாசித்தது. "இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கீங்களே! சமாளிக்க முடியுதா சார்?" என்றார்.

"முடியுது சார். ஒரு குறையும் இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. இரண்டாவது ஆசிரியர் வேண்டும் என்று மனு மனுவாக எழுதிய அதே வாய். ஆனாலும் மறைப்பானேன், அவர் பாராட்டியதில் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போய், "நீ இந்த ஸ்கூல் டீச்சராம்மா?" என்றாள்.

"இல்ல டீச்சர். சார் இன்னைக்கு மட்டும் வரச் சொன்னாவ."

"செத்த வெளிய இரும்மா" என்று அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சார், அஞ்சாப்புக்கு வகுத்தல் நடத்துங்க. எப்பவும் நடத்துத மாதிரி."

கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் சார் என்று கூப்பிட்டதில்லை.

போர்டில் கணக்கை எழுதினேன். பின்னால் இரண்டு பேர் ஒரு பென்சிலுக்குச் சண்டை போட்டார்கள். ஒருவன் வெளியே போக வேண்டும் என்று விரலைக் காட்டினான். மூன்றாம் வகுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பேன்ட்டைப் பிடித்து இழுத்தது. "சார், எழுதிட்டேன்."

"திரும்ப எழுது" என்றேன், போர்டிலிருந்து திரும்பாமலே.

அதிகாரி என்னைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தார். அந்தச் சாக்பீஸை வைத்துவிட்டு எங்காவது போய்விடலாமா என்றிருந்தது.

வீடு திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கீழப்பாவூர் தாண்டியதும் காய்கறி வாங்க நிறுத்தச் சொன்னாள், அவ்வளவுதான்.

விதி மாறியதா என்றால், பரிசீலனையில் இருக்கிறது. ஆனால் என் பள்ளியின் இரண்டாவது ஆசிரியர் வந்துவிட்டார். இளவயதுக்காரர். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அந்த டீச்சரோட வீட்டுக்காரரா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிச் சின்ன வகுப்புகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, நாலையும் அஞ்சையும் அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அதே வகுத்தல் கணக்குதான். பாதியில் ஒரு பிள்ளை எழுந்து, "சார், மீதி எதுக்கு எப்பவும் சின்ன நம்பராவே வருது?" என்று கேட்டாள். அஞ்சாம் வகுப்பில் யாரும் என்னிடம் சந்தேகம் கேட்டதாக நினைவில்லை. நான் தெளிவாக நடத்துவதால்தான் கேட்பதில்லை என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புளியங்கொட்டைகளைப் பரப்பிப் பிரித்துப் பிரித்துக் காட்டினேன். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மணி அடித்ததுகூட எங்களுக்குக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி கேட்டாள். "புது சார் வந்தாச்சாமே. கிளாஸு எப்படிப் போச்சு?"

"பரவாயில்ல."

இன்னும் ஏதாவது சொல்வேனா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கூப்பிட்டு அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அடுத்த கூட்டத்தில் அதையும் அவள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவாள்.