கூடுதலாக ஒரு வட்டம்

அந்தக் கோடையில் ஒரகடத்தில் ஏரியை ஒட்டிய ஒரு நிலத்தில் வேலை பார்த்தேன். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு லாரி நிறுத்தும் இடம் தயாராகிக்கொண்டிருந்தது. கிராவல் என்கிற சரளைமண் கொட்டி, தண்ணீர் அடித்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். தண்ணி லாரிக்குப் பின்னால் ஹோஸ் பிடிப்பது என் வேலை. அதற்கு முன் ஓசூரில் பெயிண்ட் அடித்தேன், தூத்துக்குடியில் மூட்டை சுமந்தேன். எட்டாவதைப் பாதியில் விட்டவனுக்கு எந்த ஊரிலும் சுமக்க ஏதாவது இருக்கும். படுக்கை தகரக் கொட்டகையில். வெயில் இறங்கியும் தகரம் ஆறாது என்பதால் வெளியே பாயைப் போட்டுக்கொள்வோம். அது பழகிவிடும்.

கிராவல் கொட்டிய பிறகு ஏதோ காரணத்தால் வேலை சில வாரம் நின்றுபோயிருந்தது. அந்த இடைவெளியில் ஆள்காட்டிக் குருவி ஒன்று நட்ட நடு நிலத்தில் முட்டையிட்டுவிட்டது. அது கூடு கட்டாது. கல்லைக் காலால் கொஞ்சம் ஒதுக்கி, அந்தக் குழிவில் இட்டுவிடும்.

முதலில் பார்த்தது கேட்டில் நின்ற செக்யூரிட்டி அக்கா. பென்னலூர்க்காரர். தண்ணி லாரி போகும்போதெல்லாம் ஒரே இடத்தில் நின்று அந்தக் குருவி கத்துவதையும், டயரைக் கொத்தப் பாய்வதையும் கவனித்துவிட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“காலைப் பாத்து வை. குனி. இன்னா தெரியுது?”

“கல்லுக்கா.”

“கல்லா? உன் மூஞ்சி. நல்லாப் பாரு.”

பார்த்துக்கொண்டே இருந்தபோது நாலு கல் மட்டும் முட்டையாக மாறியது. மண் நிறம், மேலே கருப்புத் திட்டுகள். தலைக்கு மேல் இரண்டு குருவிகளும் சுற்றிச் சுற்றி எங்களைத் திட்டிக்கொண்டிருந்தன.

முந்தின வருஷம் அக்காவுக்குப் பக்கத்து நிலத்தில் டியூட்டி. அங்கேயும் இதே குருவி முட்டையிட்டிருந்தது. ஒரே நாளில் மிஷின் வந்து சமன் செய்துவிட்டது. அதன் பிறகு அந்த ஜோடி பல நாள் அந்த இடத்துக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றியதாம். ஷிப்டு முழுக்க அதன் கீழே நின்றது இவர்தான்.

“இன்னொரு தபா அந்தச் சத்தத்தைக் கேக்க என்னால ஆவாதுப்பா. இதுங்களாவது பொரிச்சிட்டுப் போவட்டும்.”

அன்றிலிருந்து தண்ணி லாரியை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். வேலை மும்முரமானதும் வண்டிகள் கூடின. எல்லா டிரைவரையும் தடுக்க முடியவில்லை. ஒருநாள் டிப்பரின் டயர்த் தடம் முட்டைக்கு ஒரு முழத்தில் கிடந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

அடுத்த நாள் சர்வேயர் வந்து விளக்குக் கம்பம் நடும் இடங்களுக்குச் சுண்ணாம்புப் பவுடரால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். எந்த வண்டியும் வட்டத்தை மிதிக்கவில்லை. மார்க்கிங் அழிந்தால் யார் திட்டு வாங்குவது என்று எல்லா டிரைவரும் சுற்றிக்கொண்டு போனார்கள். கேட்டில் நின்று அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஏரியிலிருந்து லாரிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அக்கா முகம் மலர்ந்து நின்றார்.

“இனிமே ஒருத்தனும் ஏத்த மாட்டான், பாரு.”

முட்டையைச் சுற்றிப் புதிதாக ஒரு சுண்ணாம்பு வட்டம். மீதிப் பவுடரை முறத்தில் அள்ளி வந்து போட்டிருக்கிறார். சர்வேயர் போட்டதைவிட உருண்டையாக இருந்தது.

நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். ஜேசிபி வந்துவிட்டிருந்தது. கம்பத்துக்கான ஒவ்வொரு வட்டமாகத் தோண்டிக்கொண்டே வந்து, பக்கத்து வட்டத்தை முடித்துவிட்டு, பின்பக்கமாக இந்த வட்டத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆபரேட்டர் சீட்டைப் பின்னால் திருப்பி உட்கார்ந்து கைப்பிடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிஷினைத் தாங்கும் ஜாக்கிக் கால்கள் இறங்கின. ஒரு கால் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே அமர்ந்தது. குருவி அதற்கு முன்னால் இறக்கையை முழுக்க விரித்து நின்று கத்தியது. மண் அள்ளும் பக்கெட் உயர்ந்தது. கேபின் படியில் தொற்றி ஏறினேன்.

தோண்டுகிற ஆளுக்கு மண்ணுக்கடியில் போகும் கரண்டு வயர்தான் எமன். அவரை நிறுத்த ஒரே வார்த்தைதான் இருக்கிறது.

“கேபிள்! கேபிள்!”

அவர் கை சட்டென்று விலகியது. பக்கெட் அந்தரத்தில் ஆடி நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு வெளுத்த முகத்தோடு இறங்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“எங்கவே கேபிள்?”

“கேபிள் இல்லண்ணே. முட்டை.”

“முட்டையா? உசுரு போயிட்டு வந்துச்சுவே எனக்கு! ஆம்லேட் போடவா கூப்பிட்ட?” குனிந்து பார்த்தார். சத்தம் குறைந்தது. “இதுக்கு எவம்ல வட்டம் போட்டது?”

அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “நான்தாண்ணே. வண்டியெல்லாம் சுத்திக்கினு போவுதேன்னு…”

“அவனுவ சுத்திப் போறது நான் வந்து தோண்டுததுக்குத்தாம்மா!”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் பக்கெட்டின் பற்களையே பார்த்தது.

மிஷின் நின்றதைப் பார்த்து சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். வயதில் எங்கள் எல்லோரையும்விடச் சின்னவர். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

“இன்னாக்கா நீ? மதியம் ரோலர் இங்கதான் ஓடப்போவுது. நாளைக்கு மதியம் கிளையண்ட் வராரு. முட்டை இருந்துச்சு சார்னு சொன்னா சிரிப்பாங்க.”

“ஒரே ஒரு நாள் சார்.”

“எடுத்து ஓரமா வெச்சிடேன்.”

“எடம் மாத்துனா அது வராது சார். இதோ, விரிசல் வுட்டுக்கினு கீது.”

சூப்பர்வைசர் முட்டி போட்டார். நானும் போட்டேன். ஒரு முட்டையின் மேல் நட்சத்திரம் மாதிரிக் கீறல். உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. ஓட்டுக்குள்ளிருந்தே குரல் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவருக்கும் தெரியாது போலிருக்கிறது. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

எழுந்ததும் குருவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேட்டரிடம் கேட்டார்: “தோண்டுற மண்ணை எங்கண்ணே கொட்டறீங்க?”

“குழிக்குப் பக்கத்துலதான் சார்.”

“இங்க கொண்டாந்து கொட்டுங்க. சுத்தி. மண்ணு குவிஞ்சிருந்தா ரோலர் வர முடியாது இல்ல?”

“எப்படி சார் வரும்?”

“நாளைக்குக் காலைல முதல் வேலையா எடுத்துடணும். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது.”

மூன்று பக்கம் மண் குவியல்கள் எழுந்தன. ஏரிப் பக்கம் மட்டும் திறந்து விட்டோம். ஆனால் குருவி வரவில்லை. குவியலின் உச்சியில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. உச்சி வெயில். வெறும் கையால் கிராவலைத் தொட முடியாத சூடு. முட்டைகள் அதில் திறந்து கிடந்தன. அக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“நீங்க போனீங்கன்னா அது இன்னும் தூரம் போவும்க்கா.”

“வெந்துடும்ப்பா உள்ள இருக்கிறது!”

கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆபரேட்டர் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மிஷினை அணைத்தார். எல்லோரும் கேட்டுக்கு அப்பால் ஏரிக்கரை மேட்டில் போய் நின்றோம். டிபன் பாக்ஸை யாரும் திறக்கவில்லை. குருவி குவியலை விட்டுப் பறந்து ஏரிக்குப் போனது. போச்சு என்றார் அக்கா. அது தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஈரத்தோடு முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

மறுநாள் காலை ஜேசிபி மண்ணை எடுக்க வந்தபோது குழிவில் ஓட்டுத் துண்டுகளும் பொரியாத ஒரு முட்டையும் இருந்தன. குஞ்சுகளைக் காணவில்லை. பெரிய குருவிகள் இரண்டும் தலைக்கு மேல் அலறின.

“யாரும் நவுராதீங்க,” என்றார் சூப்பர்வைசர். அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். தாய் அலறினால் குஞ்சு ஓடாது, இருந்த இடத்தில் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் கல். எது கல், எது குஞ்சு என்று தெரியாமல் நாங்கள் நாலு பேர் சிலை மாதிரி நின்றோம். ரோலர் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“நாம இருக்கிறவரைக்கும் அதுங்க அசையாது,” என்றேன். வந்த காலடியிலேயே கால் வைத்துப் பின்வாங்கி ரோட்டுக்குப் போனோம். ரோலரையும் அணைக்கச் சொன்னார் சூப்பர்வைசர்.

அலறல் நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கல் எழுந்து ஓடின. நீளக் கால், பஞ்சு உடம்பு. காம்பவுண்டுச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டை வழியாக ஏரிப் பக்கம் மறைந்தன.

“ரெண்டுதான்,” என்றார் அக்கா. “இன்னொண்ணு எங்க?”

யாருக்கும் தெரியவில்லை. முன்னாலேயே போயிருக்கலாம். கிராவலிலேயே படுத்திருக்கலாம். குவியல்களை வெளிப்பக்கத்திலிருந்தே ஜேசிபி அள்ளி எடுத்துவிட்டது, இனி ரோலர்தான். சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். ரோலரை விடலாமா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேட்ட மாதிரிதான்.

அக்கா ரோலருக்கு முன்னால் போய்க் குனிந்தபடி நடந்தார், ஒவ்வொரு அடியாக. ஒன்றும் எழவில்லை. நான் சுவர் ஓரமாகப் போய்க் குப்புறப் படுத்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். சேற்று ஓரத்தில் தாய் உட்கார்ந்திருந்தது. ஒரு குஞ்சுகூடத் தெரியவில்லை. அசையாமல் கிடந்தேன். சுவரின் சூடு கழுத்தில் ஏறியது. தாய் மெல்ல எழுந்தது. வயிற்றுக்குக் கீழே அதன் கால்களைத் தவிர வேறு கால்கள், குச்சி குச்சியாக. இரண்டு தடவை எண்ணினேன்.

“மூணும் இருக்குக்கா.”

“மூஞ்சியப் பாத்தியா?”

“காலை எண்ணினேன். சின்னது ஆறு.”

அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு பொரியாத முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வழியை விட்டு விலகினார்.

“வுடச் சொல்லு ரோலரை,” என்றார்.