பதினோரு கிணறுகளின் அளவு

எம்.ரெட்டியபட்டி சமுதாயக் கூடத்தில் நான் எடுத்த வகுப்புக்கு அலுவலகம் வைத்த பெயர் நீளமானது. அமைப்புச் சிந்தனை, நீடித்த வாழ்வு, டிஜிட்டல் மாற்றம் என்று பேனரில் மூன்று வரி. வந்தவர்கள் அதை ‘வட்டம் போடுற வகுப்பு’ என்றார்கள். அதுவே சரியான பெயர். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் மழை, கிணறு, மோட்டார், பருத்தி என்று எழுதுவோம். எது எதை இழுக்கிறது என்று அம்புக்குறி போடுவோம். அம்புகள் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே முட்டும். ஒன்றைத் தொட்டால் எங்கேயோ இன்னொன்று அசையும் என்பதுதான் பாடம்.

நான் அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். ஒரு நாள்கூடப் பருத்திக் காட்டில் இறங்கி வேலை செய்ததில்லை. வந்த பதினான்கு பேருக்கும் அது முதல் நாளே தெரிந்துவிட்டது. இருந்தும் பொறுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வகுப்பில் ஒரு அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவரும் அவரும் கிணற்றை நம்பிப் பருத்தி போடுகிறவர்கள்.

“இதுல கரண்ட்டு எங்க டீச்சர்? தோட்டத்து மோட்டாருக்குச் சும்மா கரண்ட்டு வருது. சுவிச்சப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருதோம். அத எழுதாம கிணறு ஏன் வத்துதுன்னு கேட்டா எப்பிடி?”

நான் விட்டிருந்த அம்பை அவரே போட்டார். எத்தனையோ ஊரில் அந்தப் படத்தை வரைந்திருக்கிறேன். யாரும் திருத்தியதில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கிணறுகளை அளக்கலாம் என்ற யோசனை என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. யார் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எல்லோர் போனிலும் தெரிந்தால், எல்லோரும் பார்த்து இறைப்பார்கள் என்று நம்பினேன். பதினோரு கிணற்றுக்காரர்கள் சம்மதித்தார்கள். அளக்கும் வேலையை அக்கா ஏற்றார். சனிக்கிழமைதோறும் காலையில், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு பதினோரு கிணற்றுக்கும் நடப்பார். அளவுகளை எனக்கு அனுப்புவார். நான் அதற்கு நிறம் கொடுத்துப் படமாக்கி, எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போடுவேன். நிறைய இருந்தால் நீலம், குறைந்தால் மஞ்சள், அடியில் கிடந்தால் சிவப்பு.

சித்திரையில் பத்துக் கிணறுகள் சிவப்புக்கு வந்துவிட்டன. அக்காவின் கிணறு மட்டும் நீலத்தில் நின்றது. அதற்குக் காரணம் இருந்தது. வகுப்பில் பேசியதைக் கேட்டு அந்த வருஷம் அவர்கள் பாதிக் காட்டில்தான் பருத்தி போட்டிருந்தார்கள். மோட்டாரை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓட்டினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தார். “டீச்சர், எங்க காட்டு வரப்பை ஒட்டி போர் வண்டி வந்து நிக்குது.”

நான் போய்ச் சேர்ந்தபோது ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டி துளைத்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறப் புழுதி அக்காவின் பருத்தி இலைகள் மேல் படிந்திருந்தது. போர் போட்டவர் பக்கத்துத் தோட்டக்காரர், அக்காவின் கணவருக்குப் பங்காளி. என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்.

“வாங்க டீச்சர்” என்று சிரித்தபடியே வரவேற்றார்.

“அண்ணே, நீங்களா இப்படி?”

“நீங்கதான சொன்னீக, பூமிக்கடியில எல்லாம் ஒரே தண்ணின்னு. அதுவரைக்கும் அவுக கிணத்துத் தண்ணி அவுகளுதுன்னுதான் நெனச்சிருந்தேன். நான் எடுக்கலைன்னா மேக்காட்டுக்காரன் எடுப்பான். அவனும் உங்க படத்தத்தான பாக்கான்?”

அவர் கெட்டவர் இல்லை. பாடத்தை அவரைப் போலப் புரிந்துகொண்டவர் அந்த வகுப்பில் அக்காவைத் தவிர வேறு யாருமில்லை.

அந்த மாதமே இன்னும் இரண்டு வண்டிகள் வந்தன. வைகாசிக் கடைசியில் அக்காவின் கிணறு வற்றியது. அந்தச் சனிக்கிழமையும் அவர் எல்லாக் கிணற்றையும் அளந்தார். மற்றவர்கள் அளவையெல்லாம் வரிசையாக அனுப்பிவிட்டு, தன் கிணற்றுக்கு நேராக ‘தண்ணி இல்ல’ என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம் எதுவும் வரவில்லை. குழுவிலிருந்து விலகியிருந்தார்.

ஆனியில் அவரைப் பார்க்கப் போனேன். நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மில் வண்டிக்காகத் தலையைச் சீவிக்கொண்டே பேசினார்.

“இப்பிடி ஆகும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?”

“தெரியாதுக்கா.”

அது பொய். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது மதுரையில் ஒரு ஏசி அறையில் இதையே விளையாட்டாக நடத்தினார்கள். கிண்ணத்தில் மொச்சைப் பயறு வைத்து ஆளாளுக்கு எடுக்கச் சொன்னார்கள். மிச்சம் குறைவதைக் கண்ணால் பார்த்ததும் எல்லோரும் கையை விட்டு அள்ளினோம். அள்ளிவிட்டுச் சிரித்தோம். அதன் பெயர்கூட என் நோட்டில் இருக்கிறது.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நாங்களும் எல்லாரப் போல மோட்டார ஓட்டியிருந்தா இந்த வருசம் முழுக் காட்டுலயும் பருத்தி எடுத்திருப்போம்” என்றார். வாசலில் மில் வண்டி ஹாரன் அடித்தது. “வாரேன் டீச்சர்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நடந்ததை மேலதிகாரியிடம் சொன்னேன். அது ஊருக்குள் உள்ள பிரச்சினை, அறிக்கையில் வேண்டாம் என்றார். பதினோரு கிணறுகள் போனில் வந்துவிட்டன என்பதை மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். மறு கோடையில் பங்காளியின் போரும் வெறும் காற்றைக் கக்கியது என்று கேள்விப்பட்டேன். அதை யாரும் எங்கும் எழுதவில்லை.

இப்போது காரியாபட்டிப் பக்கம் வகுப்பு எடுக்கிறேன். அதே வட்டம், அதே அம்புகள். கரண்ட்டையும் எழுதுகிறேன். போன மாதம் ஒருவர், “எங்க கிணத்தையெல்லாம் அளந்து போன்ல போட்டா என்ன மேடம்?” என்று ஆசையாகக் கேட்டார்.

“வேண்டாம்ணே” என்றேன்.

“ஏன்?”

நேரமாகிவிட்டது, பஸ்ஸு போய்விடும் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.