இளையவர் பங்கில் ஒரு பெண்

எங்க வம்சத்துல ஒருத்தி ஓடிப்போயிட்டாளாம். அப்பாவோட தாத்தாவுக்குக் கூடப்பொறந்த அக்கா. பேரு யாருக்கும் தெரியாது; எங்க வூட்டுல அவளுக்கு 'ஓடுகாலி'ங்கிறதுதான் பேரு. ஆடி அமாவாசைக்குச் செத்துப்போனவங்க எல்லாருக்கும் இலை போட்டுப் படைப்போம். அவளுக்குக் கிடையாது.

அவளைக் காரணம் காட்டித்தான் அப்பா என் அக்காவைப் பன்னெண்டாவதோட நிறுத்தினார். திருச்சியில நர்சிங் படிக்க சீட்டு கிடைச்சிருந்துச்சு. "அந்த ஓடுகாலி ரத்தம் நம்ம வூட்டுல இருக்கு, வெளியூர் அனுப்ப மாட்டேன்"னுட்டார். மூணே மாசத்துல கல்யாணம். ஏழெட்டு வருசம் கழிச்சு நான் படிக்கக் கிளம்பினப்ப அவருக்கு மல்லுக்கட்டத் தெம்பில்லை. நான் டீச்சரானேன். அக்கா இன்னைக்கும் பருத்தி எடுக்கப் போறா. இதைச் சொல்ல எனக்குக் கூசும்.

அப்பாவுக்கு எண்பது ஆகப்போவுது. தன் தாத்தாவைப் பெத்தவங்க பேரு தெரிஞ்சா அதைச் சொல்லிப் படைக்கணும்னு ஒரே ஆசை. விக்கிரமங்கலம் பக்கம் ஒரு பெரிய வூட்டுல எங்க ஆளுங்க தலைமுறை தலைமுறையா படியாளா கிடந்தவங்க. படியாள்னா என்ன, மரியாதையா சொன்ன அடிமை. அந்த வூட்டு மருமக என்கூட வேலை பார்க்கிறாங்க. வூட்டை விக்கப் போறாங்க, பழைய காயிதம் ஒரு பெட்டி இருக்கு, வந்து பாருங்கன்னாங்க. அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போனேன்.

பாதி செல்லரிச்சுப் போயிருந்துச்சு. அந்தக் கையெழுத்து எனக்குப் பிடிபடலை. அக்காதான் விரல் வச்சுப் படிச்சா. அண்ணன் தம்பி ரெண்டு பேர் சொத்துப் பிரிச்ச பத்திரம். இன்ன வயல், இன்ன கிணறு, இத்தனை புளியமரம். அதுக்குக் கீழே எங்க ஆளுங்க. அப்பாவோட தாத்தா, அவரைப் பெத்தவங்க, மூணு பேரும் பேரோட மூத்தவர் பங்குல. அடுத்த வரி, "மேற்படியான் மகள், வயது ஒன்பது". அவளுக்கும் பேரு இருந்துச்சு. குன்னம் ஊருல இருந்த காட்டோட சேர்த்து இளையவர் பங்குக்கு.

அக்கா படிக்கிறதை நிறுத்திட்டா. "ஒம்பது வயசுடி"ன்னா.

அடப் பாவிங்களா, புளியமரத்தைக்கூட நின்ன இடத்துலயே விட்டுத்தானே பிரிச்சீங்க, புள்ளையைப் பிடுங்கிக் குடுத்திருக்கீங்களே! அப்பாவோட தாத்தா அப்ப சின்னப் பய, அக்கா எங்கேன்னு கேட்டிருப்பான். தூக்கிக் குடுத்துட்டு நின்னோம்னு பெத்தவங்க எந்த வாயால சொல்லுவாங்க? ஓடிப்போயிட்டான்னு சொல்லியிருப்பாங்க. எனக்கு அப்படித்தான் தோணுது.

பெரம்பலூர்ல எங்க வூட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னோம். பெத்தவங்க பேரைக் கேட்டுக்கிட்டார். அந்தப் புள்ள பேரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"வர்ற ஆடிக்கு மொத இலை அவளுக்குத்தான்"னார்.

"போடுங்கப்பா"ன்னா அக்கா. கோவமே இல்லை அவ குரல்ல. "அவ ஓடலை. நானும் ஓடியிருக்க மாட்டேனேப்பா."