கதவுக்கு இந்தப் பக்கம்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு 'ஒண்ணுமில்ல அண்ணன்' என்று பெயர். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைக் குத்திக் கூப்பாடு போட்டால் அவரைத்தான் அனுப்புவார்கள். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொருவர் கதவருகே நின்று உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய கூட்டாளி வேலையில் கெட்டிக்காரர், வாயைத் திறந்தால்தான் வினை. "பயப்படாதீங்க, கயிறு அறுந்திருக்காது" என்று தைரியம் சொல்லி ஒரு பெண்மணியை மயக்கம் போடவைத்த புண்ணியவான். அதனால் கூட்டாளி மேலே, இவர் கதவில்.

கதவு இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார். "ஒண்ணுமில்லம்மா. காத்து நல்லா வரும். கீழே உக்காந்துக்கோங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்." கொஞ்ச நேரம் பேச்சு நின்றால், உள்ளே இருப்பவர் யாரானாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "சார், இருக்கீங்களா?" "இருக்கேன்" என்பார் இவர். கதவு திறக்கும்வரை கட்டடத்துக்காரர் டீ சாப்பிடக் கூப்பிட்டாலும் நகரமாட்டார்.

வீட்டிலும் அவருக்கு அதே சொல்தான். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய சொந்தபந்தத்தை ஒரு வாரம் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். பாதிப் பேர் எதற்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் அது எதற்கு என்று ஊர் பூராவும் போன் போட்டு விசாரிப்பார்கள். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல மறந்ததற்கு வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிற ஜாதி. இதில் எதிலும் அவர் தலையைக் கொடுத்ததில்லை. கீழ்வீட்டுக்காரர் வண்டி நிறுத்துகிற இடத்துக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்தபோது, இவர் பேசாமல் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டார். சண்டை போட ஆள் இல்லாமல் மனிதர் திரும்பிப் போனார். சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய கலைதான்.

மனைவி இருந்தவரைக்கும் இதையேதான் செய்தார். அவள் குரல் லேசாக உயர்ந்தாலோ, சமையலறையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டாலோ, "ஒண்ணுமில்ல, விடு" என்பார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்வருவார். திரும்பி வரும்போது வீடு அமைதியாக இருக்கும். அமைதியாக இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் அவர் நினைத்தார், பாவம்.

மனைவி இறந்துபோன பிறகு அந்த அமைதி வீட்டைவிட்டு நகரவே இல்லை. ஒரு ஆளுக்குச் சமைத்தால் சோறு பாத்திரத்தின் அடியில்தான் கிடக்கிறது. சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அந்த நாளில் செய்வதற்கு வேறு வேலை கிடையாது. நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு எதிர்வீட்டில் போட்டுக்கொள்ளும் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அது நின்றுபோகிற நாட்களில் அவருக்கு என்னவோபோல் இருக்கும்.

ஒரே மகள் அடுத்த ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

"வேற என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

வைத்துவிடுவாள். மகள் தன்னைப்போல, எந்த வம்புதும்பும் கிடையாது என்று கூட்டாளியிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வார்.

அந்தப் பெருமை கொழுந்தியாள் வாயால் போனது. மனைவியின் தங்கை அவள். ஒரு தும்மலை வைத்து ஒரு மணி நேரம் பேசக்கூடியவள் என்பதால் அவள் வந்தாலே இவர் காதை மூடிக்கொள்வார். அன்றைக்கு வந்து உட்கார்ந்ததும், "மாப்பிள்ளை சாமானெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாராமே, அத்தான்? இனிமே அவ அந்த வீட்டுல தனியா எப்படி இருப்பா?" என்றாள்.

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கே போயிட்டாரு?"

கொழுந்தியாளின் முகம் செத்துப்போனது. "உங்களுக்குத் தெரியாதா? அவங்க பிரிஞ்சு ஆறேழு மாசம் ஆகுதே. எங்க எல்லார்கிட்டயும் அழுதாளே..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினாள். "நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டா, அத்தான்."

அவள் போனபிறகு அவர் வழக்கம்போல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அங்கே போய் நின்றும் மனசு ஆறவில்லை. ஆறேழு மாதமும் ஞாயிறு தவறாமல் போன் பண்ணியிருக்கிறாள், தவறாமல் பொய் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை போனதைவிட அதுதான் அவரை அறுத்தது. இருக்கிறது ஒரே மகள். அவளும் தன்னை ஒதுக்கிவிட்டால் தான் யாருக்கு என்ன? வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

கதவைத் திறந்த மகள் இளைத்திருந்தாள். "என்னப்பா, சொல்லாம கொள்ளாம?" என்று சிரித்தாள். ஹாலில் அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அவர் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"சித்தி சொல்லிட்டாங்களா?"

"ம்."

"ஒண்ணுமில்லப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

எத்தனையோ பேரிடம் அவர் சொன்ன வார்த்தை, அவர் முகத்தில் வந்து விழுந்தது. அதைக் கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மகளின் உதடு துடித்தது. "டீ போடறேன்" என்று சொன்னவள், சமையலறைக்குப் போகாமல் படுக்கையறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

அவர் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. தெருவில் ஒரு நடை போய்விட்டு வந்தால் அழுது முடித்திருப்பாள், டீயும் தயாராக இருக்கும். இரண்டு பேருக்கும் கௌரவம். ஒரு செருப்பை மாட்டியும்விட்டார்.

உள்ளே அவள் விம்முவது கேட்டது. மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் விம்முவார்கள். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்காக மணிக்கணக்கில் கதவருகே நின்றிருக்கிறார். பெற்ற மகளுக்காக ஒருமுறைகூட நின்றதில்லை. வேலையிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர், நிற்பதைக் கொண்டுவரவில்லை. இது உறைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

செருப்பைக் கழற்றினார். வந்து கதவோரம் தரையில் உட்கார்ந்தார், முட்டி வலித்தது. "ஒண்ணு..." என்று ஆரம்பித்த நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லும்மா" என்றார்.

"என்ன சொல்றது?" உள்ளேயிருந்து வெடித்தாள். "அம்மா செத்தன்னைக்கு உங்க மேல விழுந்து அழுதேன். ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு நாற்காலி எடுத்துப்போடப் போனீங்க. அம்மா செத்தது ஒண்ணுமில்லையாப்பா? உங்களுக்கு எதுதான் பெருசு?"

அன்றைக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டு, மாடிப்படிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுததைச் சொல்லலாமா என்று யோசித்தார். இப்போது அது தனக்கு வக்காலத்து வாங்குவதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டார். "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. அதை மறைக்க அவர் இருமவில்லை.

அவள் நிறுத்தவில்லை. புருஷன் போன நாளைச் சொன்னாள், அதற்கு முந்தைய நாட்களைச் சொன்னாள், நடுவில் இவரைத் திட்டினாள், அம்மாவையும் ஒரு பிடி பிடித்தாள். நல்ல நாளிலேயே சத்தம் ஆகாதவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெயில் ஹாலைத் தாண்டிச் சுவரில் ஏறியது. கால் மரத்துப்போனது.

பிறகு உள்ளே சத்தமே இல்லை.

"அப்பா?" அழுது கம்மிப்போன குரல், கதவுக்கு வெகு அருகில் கேட்டது. "இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார்.