பேந்து என்றொரு பேண்ட்

பெயர் வைத்த நாள்

புதிதாக பேண்ட் தொடங்குகிற பிள்ளைகள் என்னிடம் வந்து முதலில் கேட்பது எந்த ஆம்ப் வாங்கலாம் என்பதைத்தான். நான் இப்போது மொன்றியலில் ஒரு சின்ன ஹோலில் ஸ்டேஜ் பார்க்கிறேன். வயர் சுற்றுவது, மைக் வைப்பது, நேரத்துக்கு வராத பாடகர்களோடு மல்லுக்கட்டுவது, இதுதான் வேலை. அதற்கு முதல் பல வருடங்கள் பேஸ் கிற்றார் வாசித்தேன். ஆம்ப் எதுவாவது இருந்துவிட்டுப் போகட்டும். பெயரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். றொஷான் பாடுவான், கிற்றாரும் வாசிப்பான். மார்க் ட்ரம்ஸ். கியூபெக் பையன், ஒரு சொல் தமிழ் தெரியாது. நான் ரெஜினா, பேஸ். வாசித்துப் பழகுவது பியர்பொன்ட்ஸில் றொஷான் வீட்டு பேஸ்மன்றில், நிலத்துக்குக் கீழே. சென்ட் லோரன்டிலிருந்து பேஸ் கிற்றாரைச் சுமந்துகொண்டு பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் வாசிக்கிற ஆசையே பாதி போய்விடும்.

முதல் நாள் முழுக்கப் பெயருக்காகச் சண்டை பிடித்தோம். மேலே குசினியில் றொஷானின் அம்மா, றோசா அன்ரி, ரெலிபோனில் நின்றார். யாருக்கோ "சரி, பேந்து கதைக்கிறன்" என்றார். வைத்ததும் அடுத்த கோல். அவருக்கும் "பேந்து எடுக்கிறன்". றொஷான் படியில் நின்று, "அம்மா, ஒருக்கா வந்து கேளுங்கோவன்" என்று கூப்பிட்டான். "பேந்து வாறன், இப்ப அடுப்படியில நிக்கிறன்" என்று பதில் வந்தது.

அது என்ன 'பேந்து' என்று மார்க் கேட்டான். பிறகு என்று அர்த்தம், ஆனால் வரமாட்டேன் என்றும் அர்த்தம் என்று றொஷான் சொன்னான். மார்க் சிரித்த சிரிப்பில் ட்ரம் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தான். மார்க்கர் பேனாவை எடுத்து, தன் காதுக்குக் கேட்டபடி பிரெஞ்சு எழுத்தில் ட்ரம் தோலில் Pendu என்று எழுதிவிட்டான். எழுதிய பிறகுதான் மூன்று பேரும் பார்த்தோம், பிரெஞ்சில் அதை வாசித்தால் தூக்கில் தொங்கியவன் என்று வருகிறது. மார்க்குக்கு இன்னும் சந்தோஷம். ஒரு பெயருக்கு இரண்டு அர்த்தம், யாருக்குக் கிடைக்கும் என்றான். படியேறிப் போய் அன்ரிக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வளர்ந்து வரும் இளம் குழு

தமிழ் விழாக்களில் எங்களை அறிவிக்கிறவர், "எமது வளர்ந்து வரும் இளம் இசைக்குழு" என்பார். பிரெஞ்சு ரேடியோவிலும் அதைத்தான் வேறு விதமாகச் சொன்னார்கள். எனக்கு நரை எட்டிப் பார்த்த பிறகும் நாங்கள் வளர்ந்து வந்துகொண்டேதான் இருந்தோம்.

மிச்ச நேரமெல்லாம் வான் வண்டிதான். பனிக்குள் ரொறன்ரோ போவது, மேடைக்குப் பின்னால் குளிரில் ஆம்ப் இறக்குவது, முன்னால் நிற்கிற கொஞ்சப் பேருக்கு வாசிப்பது, திரும்ப ஆம்ப் ஏற்றுவது. என் இடுப்பு போனது அந்த நாட்களில்தான். பேஸ் வாசிக்கிறவளை யாரும் பார்ப்பதுமில்லை. ஷோ முடிந்து வருகிறவர்கள் றொஷானிடம் குரலைப் பற்றிக் கதைத்துவிட்டு, என்னிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

எங்கள் ரெக்கோர்டை வெளியிட்ட லேபல்காரருக்குப் பெயர் நன்றாகப் பிடித்துவிட்டது. போஸ்டரில் ஒரு சுருக்குக் கயிற்றைப் போட்டார். எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்போம், அவ்வளவு களைப்பு. பேட்டி எடுக்க வருகிற எல்லோரும் ஏன் இந்தப் பெயர் என்று கேட்பார்கள். றொஷான் முதலில் தமிழ்ச் சொல்லை விளக்கிப் பார்த்தான். யாரும் அதை எழுதவில்லை. கடைசியில் அலுத்துப்போய், "நாங்கள் எல்லோருமே ஏதோ ஒரு கயிற்றில் தொங்குகிறவர்கள்தான்" என்று சொல்லத் தொடங்கினான். மெட்ரோவில் சும்மா கொடுக்கிற பத்திரிகையில் அதுவே தலைப்பாக வந்தது.

இத்தனை வருடத்தில் அவனுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அம்மா ஒரு தடவை வந்து, தான் பாடுவதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஷோவுக்கும் கூப்பிடுவான். ஒரு நாள் முழங்கால் நோகிறது என்பார். ஒரு நாள் பனி, ஒரு நாள் கோயிலில் கூட்டம். தகப்பன் இல்லாத வீடு, இவன் ஒரே பிள்ளை.

"அவவுக்கு நான் பாடுறது பிடிக்கேல்ல, ரெஜி. என்ர முகத்துக்கு நேர சொல்லேலாம நிக்கிறா" என்று வானுக்குள் ஒரு நாள் சொன்னான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வானை ஓட்டினேன்.

லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்

பிறகு மார்க்குக்குப் பிள்ளை பிறந்தது. தன்னால் இனி வானில் அலைய முடியாது என்றான். எங்களுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. ஞாயிறு பின்னேரம் கடைசி ஷோ ஒன்று வாசித்துவிட்டு நிறுத்துவது என்று முடிவு செய்தோம். அதற்கும் வரமாட்டேன் என்று அன்ரி சொல்லிவிட்டார்.

ஷோவுக்கு முந்தின நாள் பேஸ்மன்றிலிருந்து என் ஆம்ப்பை எடுக்கப் போனேன். றொஷான் வீட்டில் இல்லை. அன்ரி குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். டும், டுடும், டும். கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். அது எங்கள் பாட்டு ஒன்றில் நான் வாசிக்கிற பேஸ் லைன்.

"அன்ரி, அது நான் வாசிக்கிறதெல்லே?"

"ஓம் பிள்ளை. நிலத்துக்குள்ளால உன்ரதான் மேல வரும். எல்லாப் பாட்டுக்கும் உன்ரது எனக்குப் பாடம். அவன்ர குரல்தான் வாறேல்ல."

இத்தனை வருடத்தில் என் வாசிப்பை ஒருவர் பாடமாக்கி வைத்திருக்கிறார். "அப்ப நாளைக்கு வந்து கேளுங்கோவன், அன்ரி. இதுதான் கடைசி" என்றேன்.

அவர் கத்தியை வைத்தார். "அந்தப் பேரை வச்சுக்கொண்டு பாடுற இடத்துக்கு நான் எப்பிடிப் பிள்ளை வாறது?"

எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொன்னார். மன்னாரில் அவருக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார், கோயிலில் பாடுகிறவர். இளம் வயதில் தூக்கில் தொங்கிப் போய்விட்டார். வீட்டில் அதன் பிறகு அவர் பெயரையே எடுப்பதில்லை. றொஷானுக்கு அப்படி ஒரு மாமா இருந்ததே சொல்லப்படவில்லை.

"இவனுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். தெரிஞ்சுதான் அந்தப் பேரை வச்சிருக்கிறான். கயிறும் போட்டிருக்கிறான். பேப்பரில சொன்னதையும் வாசிச்சனான். என்னோட கோவமாக்கும் எண்டு இருந்திட்டன்."

அன்ரிக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். பள்ளிக்கூடத்துக் கார்தெரியில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அங்கே பிள்ளைகள் எழுத்துக் கண்டுபிடிக்கிற விளையாட்டில், பிழை விட விட, தொங்குகிற மனிதனைக் கீறுவார்கள். "நான் அதை அழிச்சுப்போட்டுப் பூ ஒண்டு கீறிவிடுவன். அதுகள் என்னோட சண்டைக்கு வரும்" என்றார்.

"அன்ரி, அது பிரெஞ்சுச் சொல் இல்லை. உங்கட சொல்."

"என்ர என்ன சொல்?"

"பேந்து. நீங்கள் பேந்து வாறன், பேந்து கதைக்கிறன் எண்டு சொல்லுறனீங்களெல்லே? அதைக் கேட்டுத்தான் முதல் நாள் வச்சனாங்கள். மார்க் எழுதின எழுத்தில அது இப்பிடி ஆகிப்போட்டுது. றொஷானுக்கு மாமாவைப் பற்றி ஒண்டுமே தெரியாது."

அன்ரி கதிரையில் இருந்தார். "பேந்தோ?" என்றார். திரும்பவும், "பேந்தோ?" என்றார். பிறகு கோபம் வந்தது. "எளிய பெடியள். ஒரு வார்த்தை மேல வந்து சொன்னா வாய் வலிக்குமே?" என்று என்னை ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். அதனால்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பெயர் வைத்தால் அன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லிவிடுங்கள், என்ன அர்த்தம் என்றும் சேர்த்து.

புறப்படும்போது, "தம்பீன்ர கதையை நீ அவனுக்குச் சொல்லாதை. நான் சொல்லுறன்" என்றார்.

சவுண்ட் செக்

ஞாயிற்றுக்கிழமை நான் வேளைக்கே போய் வாசலில் இருந்த போஸ்டர்களைக் கிழித்தேன். லேபல்காரர் ஏன் என்றார். ஈரமாகிவிட்டது என்றேன்.

சவுண்ட் செக்கில் றொஷான் பாடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அன்ரி கோயிலுக்குப் போகிற சேலையோடும் பனிச் சப்பாத்தோடும் உள்ளே வந்தார். றொஷான் பாட்டை நிறுத்திவிட்டான்.

"ஏன் நிப்பாட்டுறாய்? பாடு" என்றார்.

அவன் முதலிலிருந்து தொடங்கினான். அன்ரி வெறும் ஹோலின் நடுவில் நின்று கேட்டார். அசையவில்லை. பாட்டு முடிந்ததும் மேடைக்குக் கிட்ட வந்து அவனை அண்ணாந்து பார்த்தார்.

"கதைக்கேக்க தெரியேல்ல. பாடேக்க உனக்கு அப்பிடியே மாமான்ர குரல்."

"எந்த மாமா?"

அவன் மைக்குக்குப் பக்கத்தில் நின்றே கேட்டதால் ஹோல் முழுக்கக் கேட்டது. அன்ரி என்னைப் பார்த்தார். மார்க் கை கொடுத்து அவரை மேடையில் ஏற்றி ட்ரம் ஸ்டூலில் இருத்தினான். நான் மைக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, வெளியே குளிரில் நின்ற சனத்திடம் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லப் போனேன்.