உப்புக்காரர் வீட்டில் முட்டைப் பளிங்கு

பெட்ரோல் இல்லையென்று கம்பஸை இழுத்து மூடியபோது, என் ஆராய்ச்சியை ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துப் புத்தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆராய்ச்சி என்றால் உள்ளங்கை அகலத்தில் மூடி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதன் ஒவ்வொரு குழியிலும், முட்டை வெள்ளையிலிருந்து எடுத்த புரதம் ஒரு சொட்டு, உப்புக் கரைசலோடு. அதற்குள் பளிங்கு, அதாவது படிகம், வளர வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் ஒன்றிரண்டு தோன்றிப் பெரிதாகும். சட்டென்று குளிர்ந்தால் ஆயிரம் தோன்றி ஒன்றும் வளராது.

"கம்பஸ் திறக்கிறதுக்குள்ள கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரு பளிங்கு காட்டுங்க. இல்லையெண்டா எலி ஆராய்ச்சிக்கு மாத்திடுவேன்" என்று என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் சேர் சொல்லியிருந்தார். எலியைக் கண்டால் நான் கதிரையில் ஏறுகிற ஆள்.

தட்டைப் பிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். உம்மா அந்தக் கதவை நாளைக்கு முப்பது தடவை திறப்பார். போதாததற்குக் கரண்ட் கட் வேறு. நாலாம் நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாக் குழியிலும் ரவை மாதிரிப் பொடிப் பளிங்கு. மேசையில் தலையை வைத்து அழுதேன்.

வாப்பா மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் உப்பளத்தில் வேலை. நான் அழுததை அவரால் தாங்க முடியவில்லை. உப்பும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, பிறகேன் விளையவில்லை என்று யோசித்திருக்கிறார். மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது தட்டு கிணற்றுக்கட்டில் காய்ந்துகொண்டிருந்தது. வாப்பா பக்கத்தில் நின்று காகம் விரட்டிக்கொண்டிருந்தார்.

"குளிருக்குள்ள வெச்சா எப்பிடி மகள் விளையும்? நல்லா வெயில் காட்டியிருக்கேன்."

பார்த்தேன். இருந்த ரவையும் கரைந்து, குழியெல்லாம் வெறும் தண்ணீர். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது வாப்பா! இனி என்ட சாமான் ஒண்டையும் தொட வேணாம்!"

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாப்பாவைப் பார்த்து அப்படிக் கத்தியது பெரிய பிழை என்று அப்போதே தெரியும். ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

நான் தொட வேண்டாம் என்று சொன்ன பிறகு அவர் கடைசியாக ஒரு தடவை தொட்டாராம். உப்புக் குவியலை மழையில் கரையாமல் தென்னோலைக் கிடுகு போட்டு மூடுவது அவர்கள் வழக்கம். அதேபோல் சூடாயிருந்த தட்டை இரண்டு சாக்குக்கு நடுவில் வைத்து, மேலே கிடுகு போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார். அது உள்ளேயே இரவு முழுக்க மெல்ல மெல்ல ஆறியிருக்கிறது.

காலையில் தட்டை எறியத்தான் எடுத்தேன். ஒரு குழியில் மட்டும் அரைக் கடுகளவு ஒன்று மினுங்கியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழியும் சேர்ந்து கத்தியது. வாப்பா வந்து கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்னிடம் அல்ல, உம்மாவிடம் சொன்னார்: "இது நம்மட சாமான் இல்ல. உப்பு சதுரமா வரும். இதுக்கு மூக்கு இருக்கு."

படத்தைச் சேருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"என்ன செய்தீங்க?"

"சூடாக்கிக் கரைச்சிட்டு, மெதுவா ஆற விட்டேன் சேர்." அதில் என் பங்கு அழுததும் கத்தியதும் மட்டுமே.

"ஒருதரம் வந்தா தற்செயல். அதே மாதிரி திருப்பிச் செய்து காட்டுங்க, நம்புறேன். இல்லாட்டி எலிதான்."

வாப்பா கிணற்றடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த புரதத்தில் புதுத் தட்டொன்று தயார் செய்துகொண்டு போய் நின்றேன்.

"வாப்பா, இதையும் வெயில் காட்டித் தாங்க."

"எனக்கு ஒண்டும் தெரியாதே மகள்."

"நான் மடச்சி வாப்பா. மன்னிச்சுக்கொள்ளுங்க."

கோப்பையைக் கீழே வைத்தார். வானத்தைப் பார்த்தார், கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்றையும் பார்த்தார்.

"இண்டைக்கு வேணாம், மேகம் ஓடுது. நாளைக்குப் பகல் லுஹர் தொழுதிட்டுப் பார்ப்பம்."

"எத்தினை பாகைச் சூட்டில வாப்பா? சேர் கேப்பாரு, எழுதணும்."

"கிணத்துக்கட்டில வெறுங்காலோட நிண்டு பாருங்க. பத்து எண்ணுறதுக்குள்ள துள்ளினா, அதுதான் சூடு."

மறுநாள் லுஹருக்குப் பிறகு, கொப்பியும் பேனையும் கையுமாக, கிணற்றுக்கட்டில் வெறுங்காலோடு ஏறி நின்றேன். வாப்பா கீழே நின்று எண்ணினார்.