இறங்கல் கூட்டம்

என் அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். நாலாவது வரை படித்தவர். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பிழையும் முத்து முத்தாக இருக்கும். எங்கே ர, எங்கே ற என்பதில் தனக்கென்று ஓர் இலக்கணம் வைத்திருந்தார். "பலகையில இடம் தாராளமா இருந்தா ற. நெருக்கடின்னா ர. இதுல என்ன கொழப்பம்?" என்பார். ல, ள, ழ மூன்றும் அன்றைக்குக் கை எப்படி வளைகிறதோ அப்படி.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அதுவும் தமிழ் படிக்க. முதல் வருடம் தோழிகளோடு கடைத்தெருவில் நடந்தபோது, பழக்கடையில் தொங்கிய ‘இங்கு பலம் கிடைக்கும்’ என்ற பலகையைப் பார்த்து அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "உங்க போர்டால வெளிய தலை காட்ட முடியலப்பா" என்றேன். அவர் பிரஷைத் துடைத்துக்கொண்டே, "சரிம்மா, இனிமே உங்கிட்ட காட்டிட்டு எழுதறேன்" என்றார்.

அதிலிருந்து ஆறு வருடம். ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் திருத்துவேன். அப்புறம் இருவரும் டீ குடிப்போம். அவர் போய் ஒன்றரை மாதம் ஆகியும் எனக்கு அழுகை வரவில்லை. மனசில் ஒரே ஒரு கேள்விதான் நின்றது. அன்றைக்கு நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை, அவர் கையில் இருந்த குஷியைப் பிடுங்கிவிட்டதா?

கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்காகக் கூட்டம் போட்டார்கள். வாசலில் வைக்கும் பலகை என் தலையில் விழுந்தது. அப்பாவின் பிரஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதி, சுவரில் சாய்த்து வைத்தேன்.

முதலில் வந்தவர் பஸ் கண்டக்டர். பலகையை இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, எந்த ஸ்டாப்புல எறங்கணும்?"

திரும்பிப் பார்த்தேன். ‘இறங்கல் கூட்டம்’. துக்கத்துக்கு வரவேண்டிய சின்ன ர வரவில்லை. பலகையில் இடம் தாராளமாக இருந்திருக்கிறது; கை தானாக ற போட்டிருக்கிறது. தமிழில் முதல் வகுப்பு வாங்கிய கை.

அழிக்க ஓடினேன். கண்டக்டர் குறுக்கே நின்றார். "அப்படியே விடு. எங்க ஸ்டாப்புல உங்கப்பா என்ன எழுதினாரு? ‘பயணிகள் இரங்கும் இடம்’. அதைப் படிச்சுப் படிச்சு மனசு எளகி, ஓடி வர்றவங்களுக்கெல்லாம் வண்டிய நிறுத்த ஆரம்பிச்சேன். டிப்போவுல எத்தனை திட்டு தெரியுமா. அங்க தொலைஞ்ச ற இங்க வந்து சேந்திருக்கு, இருக்கட்டும்."

ஒரு நிமிட மௌனத்தோடு கூட்டம் தொடங்கியது. இருபது விநாடிகூடத் தாங்கவில்லை. கண்டக்டர் காதில் ஓதியதைக் கேட்டு, மாடி வீட்டுக்காரர் மூக்கால் சிரித்துவிட்டார். எல்லோரும் திரும்பியதும் அவர் எழுந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க. என் மாடி ரூமுக்கு ‘அரை வாடகைக்கு’ன்னு எழுதிட்டாரு. பெரிய ற போட்டிருந்தா ரூம். இது பாதி. ஒரு பையன் வந்து, போர்டுல போட்டபடி பாதி வாடகைதான்னு ஒத்தக் கால்ல நின்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இப்ப அவன்தான் என் மாப்பிள்ளை. அந்தப் பாதியும் போச்சு."

அடுத்து பல் டாக்டரம்மா. "என்னை ‘பள் மருத்துவர்’ ஆக்கினாரு. பள்ளம் தோண்டணும்னு ஒருத்தர் வந்து உக்காந்தாரு. நான் விடல, வாயத் தெறங்கன்னேன். நெஜமாவே ரெண்டு பள்ளம் இருந்துச்சு."

நாற்காலிகள் ஆடின. யாருக்கோ புரையேறியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சரிந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என்னைப் பேசச் சொன்னார்கள்.

மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். பிரிக்கவே இல்லை. "நான் திருத்த ஆரம்பிச்சதுல அப்பாவுக்கு வருத்தமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் வந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீ கடைசிப் பரீட்சைக்கு ஹாஸ்டல்ல இருந்தப்ப என் புது கிளினிக்குக்குப் போர்டு எழுதினாரே, பாத்திருக்கியா? ‘பல்வேர் சிகிச்சை, பல் கட்டுதல், பற்குழி அடைத்தல்’. ஒரு தப்பு கிடையாது."

"யார்கிட்ட காட்டி எழுதினாரு?"

"யார்கிட்டயும் இல்ல."

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "ரெண்டாவது வருஷமே அவருக்கு எல்லாம் அத்துப்படிடி. நீ படிப்பு படிப்புன்னு ரூமுக்குள்ளயே கெடப்ப. உன் பக்கத்துல வந்து உக்காரணும்னா கையில ஒரு தப்பாவது வேணாமா? எங்க தப்பு வைக்கலாம்னு மோட்டுவளையப் பாத்து யோசிப்பாரு. எனக்கு எழுத்து தெரியாது. ஆனா சிரிச்சுக்கிட்டே எழுதறது தெரியும்ல."

நாலு வருடம். ‘கறி’க்கும் ‘கரி’க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நாற்பது தடவை விளக்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிறவர்போல, "அடேங்கப்பா, இதுல இவ்வளவு இருக்கா?" என்று தலையாட்டியிருக்கிறார்.

"என்னை நல்லா ஏமாத்தியிருக்காரு" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா மடியில் விழுந்தேன். நிமிர்ந்தபோது அவள் மடி நனைந்திருந்தது.

மறுவாரம் மாடி வீட்டுக்காரர் வந்தார். ஞாபகத்துக்காகக் கழற்றாமலே வைத்திருந்த பலகை வெளுத்துவிட்டதாம். "புதுசா எழுதிக் குடும்மா. தப்பை மட்டும் மாத்திடாத, மாப்பிள்ளை கோவிச்சுக்குவாரு."

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ‘அரை வாடகைக்கு’. அம்மா இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"ஒரு தப்பு இருக்கே."

"எங்கம்மா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீ சொல்லிக் குடு. டீ ஆறிடப்போகுது."